காரணம் வேறிடத்தில்

ஆழித்துறையின் எச்சரிக்கை அறையில் பதினோரு நாளாக ஒரு மணிகூட அடிக்கவில்லை. கடலுக்கடியில் இருபது பாகம், அதாவது நூற்றிருபது அடி ஆழத்தில் நாலாயிரம் பேர் குடியிருக்கும் ஊர் அது. காற்று, குடிநீர், வெளிச்சம் எல்லாமே எந்திரங்கள் போடும் பிச்சை. அப்படிப்பட்ட ஊரில் பதினோரு நாள் எதுவும் கெட்டுப்போகவில்லை என்றால் கொண்டாட வேண்டியதுதான். நிர்வாக சபை ஒரு கேக் அனுப்பியிருந்தது. 'அமைதிக்கு நன்றி' என்று அதன்மேல் சர்க்கரையில் எழுதியிருந்தார்கள். அறைத் தலைவி பிலோமி மோத்தா ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டு வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த அறையில் உட்கார்ந்து கேக் தின்ன முடிந்திருக்காது. ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஒரு சோதனை உண்டு. 'ஓடுகிறாயா?' என்று அது நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கும்; பதில் சரியில்லை என்றால் மணி அடிக்கும். ஒரு நாள் மின்கூடத்தில் ஓர் உருகி, அதாவது ஃபியூஸ், போயிற்று. மின்சாரம் போனதால் விசிறிகள் நின்றன, விசிறிகள் நின்றதால் காற்று கெட்டது, காற்று கெட்டதால் ஊரார் கையில் கட்டியிருந்த நாடிப்பட்டைகள் எல்லாம் கூவின. ஆறாயிரத்துச் சொச்சம் மணிகள் ஒரே நேரத்தில் அடித்தன. அறையில் அப்போது பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். பன்னிரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். உருகி போன செய்தி வரிசையில் நாலாயிரத்து முந்நூறாவதாகக் கிடந்தது. அதைத் தேடி எடுப்பதற்குள் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் 'ஓர்குரல்' வந்தது. அதன் யோசனை எளிமையானது. ஒவ்வொரு சோதனையும் தான் எந்தச் சோதனையைச் சார்ந்திருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மேலே உள்ளது படுத்துவிட்டால், கீழே உள்ளது வாய் திறக்காது. மின்சாரம் இல்லாத வீட்டில் விசிறி ஓடவில்லை என்று தனியாக யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை அல்லவா? மூலக் காரணம் மட்டும் ஒரே ஒரு மணியாக அடிக்கும். அறைத் தலைவி 'அறிந்தோம்' என்ற பொத்தானை அழுத்தினால் அதுவும் அடங்கிவிடும். பன்னிரண்டு பேர் பார்த்த வேலையை ஒருத்தி பார்த்தால் போதும் என்று ஆயிற்று. மற்ற பதினொரு பேரையும் வேறு துறைகளுக்கு மாற்றிவிட்டார்கள்.

கையேட்டில் மேலே உள்ள சோதனைக்கு 'சார்புமூலச் சோதனை' என்று பெயர். அதை யாரும் சொல்லவில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பொறுப்பேற்றுக்கொள்கிறவரை அவர்கள் ஞானத்தகப்பன் என்பார்கள். அந்தப் பெயரையே சோதனைக்கும் வைத்துவிட்டார்கள். புது எந்திரம் ஓட்டம் தொடங்கும் நாளில், ஞானத்தகப்பனாக அமைந்த துறைக்குத் தட்டில் லட்டு போகும். வீட்டுப் பேச்சிலும் இது புகுந்துவிட்டது. வயிறு வலிக்கிறது என்று பிள்ளை அழுதால், "மூலம் எதுன்னு சொல்லு, சும்மா எல்லாத்தையும் சொல்லாத" என்று அதட்டினார்கள். என் கோபத்துக்கு ஞானத்தகப்பன் உங்கள் அண்ணன்தான் என்று பெண்டாட்டிகள் சண்டை போட்டார்கள். மொத்தத்தில் ஊர் சத்தமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

பிலோமிக்கு மட்டும் ஒரு சின்னக் குடைச்சல். அவள் புருஷன் கஸ்பார், ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளி, சங்கு வயலுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் குமிழில் தனியாகக் காவல் இருந்தார். பதினைந்து நாள் அங்கே, பதினைந்து நாள் வீட்டில், அதுதான் முறை. அந்தக் குமிழ் ஊரிலேயே பெரிய நச்சரிப்புக்காரக் குமிழ். ஈரம் கூடிவிட்டது, ஈரம் குறைந்துவிட்டது, காற்றில் வாடை என்று அதன் காற்றுச் சோதனை ஒரு நாளைக்கு நாலு முறையாவது மணி அடிக்கும். அவளும் நாலு முறையும் 'அறிந்தோம்' என்று அழுத்துவாள். பதினோரு நாளுக்கு முன் காலையில் கடைசியாக அழுத்தினாள். அதற்குப் பிறகு அது வாயே திறக்கவில்லை.

ஆறு நாளாக அவரோடு பேசவும் முடியவில்லை. குமிழுக்குப் போகும் கடற்கம்பி வழியாகத்தான் மின்சாரமும் குரலும் போக வேண்டும். கூப்பிட்டால் ஓர்குரல் குறுக்கே வந்து, 'காரணம் வேறிடத்தில், கவனிக்கப்படுகிறது' என்று பணிவாகச் சொன்னது. அந்த வாசகத்தை நம்புங்கள் என்று மூன்று வருஷமாக ஊருக்கே பாடம் எடுத்தவள் அவள்தான். ஆகவே ஆறு நாளும் நம்பினாள். கேக்கின் இரண்டாவது துண்டைத் தின்னும்போதுதான் ஒரு கேள்வி எழுந்தது: கம்பி கெட்டிருக்கிறது, சரி, காரணம் வேறிடத்தில், அதுவும் சரி, அப்படியானால் அந்த வேறிடம் ஏன் மணி அடிக்கவில்லை?

கத்தியைக் கீழே வைத்தாள். திரையில் குமிழின் காற்றை விசாரித்தாள். ஓடவில்லை, காரணம் வேறிடத்தில் என்று வந்தது. கடற்கம்பியை விசாரித்தாள். அதே பதில். எந்த இடம் என்று ஓர்குரல் சொல்லாது. யார் யாரை ஞானத்தகப்பனாக வைத்திருக்கிறார்கள் என்பது அந்தந்தத் துறையின் சொந்த விஷயம், அடுத்தவர் எட்டிப்பார்க்கக் கூடாது என்று துறைகள் கேட்டு வாங்கிய சலுகை அது. வேறு வழியில்லை, நடந்து போய்த்தான் கேட்க வேண்டும். அவள் செருப்பை மாட்டினாள். கஸ்பார் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறாரா என்று தெரிந்தாக வேண்டும்.

கம்பித்துறை இரண்டாம் தளத்தில் இருந்தது. அதன் தலைவி அமலோற்பவம், பிலோமியைவிடப் பத்து வயது மூத்தவள். மேசையில் காலை நீட்டிக்கொண்டு இறால் வடை தின்றுகொண்டிருந்தாள். கம்பியில் மின்சாரம் இறங்கிப்போய்ப் பத்து நாள் இருக்கும் என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஏன் சரிபார்க்கவில்லை என்று கேட்டதற்கு அவளுக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

"ஏட்டி பிலோமி, காரணம் எங்கிட்ட இல்லன்னு சொல்லுதுல்லா. என் கம்பிக்கு ஞானத்தகப்பன் மின்கூடம். அவிய சரிபண்ணுனா இது தானா சரியாப் போவும். நாம குறுக்க போனா அவியளுக்கு மரியாதை இல்ல பாத்துக்க."

இதில் அமலோற்பவத்தின் பேரில் தப்புச் சொல்ல முடியாது. ஓர்குரலின் நியாயமே அதுதான். அந்த நியாயத்தை வகுப்பெடுத்தது பிலோமி. ஆனால் மாடிப்படி இறங்கும்போது அவள் இன்னொன்றைக் கவனித்தாள். நடைபாதை விளக்குகள் வழக்கத்தைவிட மங்கலாக எரிந்தன. ஊர்க்காரர்கள் அதைப் பற்றி ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. சபை சிக்கனம் பிடிக்கிறது என்று இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள்.

மின்கூடத்தில் சிலுவைமுத்து அண்ணாச்சி இருந்தார். ஓய்வு பெற இன்னும் நாலு மாதம். நாலு மாதமும் ஒரு தவறும் தன் பெயரில் ஏறாமல் போய்விட வேண்டும் என்பது அவருடைய ஒரே பிரார்த்தனை. அளவுமானியின் முள் பாதிக்கும் கீழே கிடந்தது. அதைத் தினமும் மூன்று வேளை ஒரு நோட்டில் அழகான கையெழுத்தில் குறித்து வைத்திருந்தார். மின்னாக்கி சூடேறுவதால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது, மிச்சம் சேமக்கலத்திலிருந்து போகிறது, சேமக்கலம் இன்னும் மூன்று நாள் தாங்கும் என்றெல்லாம் விளக்கினார். எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. யாரிடமாவது சொன்னீர்களா அண்ணாச்சி என்று கேட்டாள். சோதனையே வாய் திறக்காதபோது தான் திறந்தால் ஞானத்தகப்பனைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றார். அவருடைய மின்கூடத்துக்கு ஞானத்தகப்பன், முதல் தளத்துக் குளிர்நீர்ப் பம்பு.

பிலோமி கிட்டத்தட்ட ஓடினாள். பயம் இருந்தது, ஆனால் பயத்தைவிட ஆவல் முன்னே ஓடியது. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள், ஒவ்வொருவரும் அடுத்த வாசலைக் கை காட்டுகிறார்கள். கடைசி வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க அவளுக்குக் கால் பரபரத்தது.

பம்பு அறையில் அதன் தலைவன் இன்னாசி இருந்தான். கஸ்பாரை அண்ணன் என்றும் இவளை மைனி என்றும் கூப்பிடுகிறவன். நாலு பம்புகளில் மூன்று இருமிக்கொண்டு ஓடின. கடல்நீர் உள்ளே வரும் வாயில் ஏதோ அடைத்திருக்கிறது என்று அவனுக்கும் சந்தேகம் உண்டு. அடைப்பை ஏன் எடுக்கவில்லை என்று அவள் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"எடுக்கலாம் மைனி. ஆனா காரணம் வேற இடத்துலன்னு வருது. அங்க சரியாவாம இங்க கை வச்சா, ரெண்டு வேலையா ஆயிரும்லா? அதான் பொறுத்துப் பாப்போம்னு."

"அங்கன்னா எங்க?"

இன்னாசி அவளை விநோதமாகப் பார்த்தான். தெரிந்துகொண்டே கேட்கிறாள் என்று நினைத்துவிட்டான் போல.

"என்ன மைனி இப்படிக் கேக்கிய. அண்ணனோட குமிழுதான். என் பம்புக்கு ஞானத்தகப்பன் கஸ்பார் அண்ணன் குமிழ்க் காத்துல்லா."

அவளுக்கு ஒரு விருந்து ஞாபகம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன் இன்னாசியின் மகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. கஸ்பார்தான் ஞானத்தகப்பன். அந்த ஊரில் ஒருவர் உன் பிள்ளைக்கு நின்றால், நீ அவருக்கு ஏதாவது ஒரு வகையில் அந்த மரியாதையைத் திருப்பிச் செய்ய வேண்டும். கஸ்பாருக்கும் பிலோமிக்கும் பிள்ளை இல்லை. அதனால் விருந்தில் இன்னாசி எழுந்து நின்று, ஊரிலேயே பெரிய பம்புக்கு அண்ணனின் குமிழே இனி ஞானத்தகப்பன் என்று அறிவித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்து பிலோமியும் தட்டினாள். மறுநாள் காலையில் அவன் அதை நிஜமாகவே பதிவில் ஏற்றியிருக்கிறான்.

இரண்டு சோதனைகள் நேருக்கு நேர் ஒன்றுக்கொன்று ஞானத்தகப்பனாக இருக்க ஓர்குரல் விடாது. மூன்றாவது, நாலாவது ஆள் வழியாகச் சுற்றிக்கொண்டு வருவதை அது கவனிக்கவில்லை. ஓர்குரலைச் செய்தவர்களின் ஊரில் இந்த மரியாதைகள் இல்லாமல் இருந்திருக்கலாம்.

நடந்தது இப்போது அவளுக்கு விளங்கியது. பதினோரு நாளுக்கு முன் குமிழ் வழக்கம்போல ஈரம் என்று மணி அடித்தது, அவள் 'அறிந்தோம்' என்றாள். அதே காலையில் பம்பில் அடைப்பு. ஞானத்தகப்பனான குமிழ் ஏற்கெனவே படுத்திருந்ததால் பம்பு வாய் திறக்கவில்லை. பம்பு படுத்ததால் மின்கூடம் திறக்கவில்லை. மின்கூடம் படுத்ததால் கம்பி திறக்கவில்லை. கம்பி படுத்ததால், கடைசியில் நிஜமாகவே காற்றுக்குத் திணறத் தொடங்கிய குமிழும் திறக்கவில்லை. நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் முதுகை ஒருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குத்தான் சபை கேக் அனுப்பியிருந்தது.

அடைப்பை எடுக்க ஆட்களை விரட்டிவிட்டு, இன்னாசி தானே இழுவைக் கலத்தை ஓட்டினான். வழியில் செய்தி வந்தது: பம்பு வாயை அடைத்திருந்தவை கூழ்போன்ற சொறிமீன்கள், கூடை கூடையாக எடுக்கிறார்களாம். இன்னாசி மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். பிலோமி மனதுக்குள் கணக்குப் போட்டாள். விசிறி பாதி வேகத்தில் பத்து நாள், சேமக்காற்று இரண்டு உருளை, ஓர் ஆள். கணக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மட்டுமட்டாகத்தான் வந்தது.

குமிழில் விளக்கில்லை. கஸ்பார் கம்பளியைச் சுற்றிக்கொண்டு தரையில் படுத்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பிலோமி காற்றுமூடியை அவர் முகத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கால் மணி நேரம் கழித்து அவர் கண் திறந்து அவளைப் பார்த்தார். முதலில் கேட்டது, ஊரில் எல்லோரும் சுகமா என்று.

அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைத் துண்டு துண்டாகச் சொன்னார். விசிறி மெதுவானதும் அவர் பத்து முறை மணி அடித்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவருடைய திரையிலும் அதே வாசகம்தான். காரணம் ஊர்ப்பக்கம் என்றால், ஊரில் ஏதோ பெரிய விபத்து என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நாலாயிரம் பேர் திணறும்போது தான் ஒருவன் நச்சரிக்கக் கூடாது என்று மணி அடிப்பதை நிறுத்திக்கொண்டார். விளக்கை அணைத்தார், சூடேற்றியை அணைத்தார்.

"பேட்டரியையும் கம்பி வழியா ஊருக்கே திருப்பி விட்டுட்டேன் பிலோமி," என்றார் காற்றுமூடிக்குள்ளிருந்து. "கொஞ்சம்தான். ஆனாலும் ஒரு ரெண்டு வீட்டு விளக்குக்காவது ஆவும்லா."

இன்னாசி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே சங்குகளைப் பார்த்தான். பிலோமி அழுதாள். கோபத்தில் அழுதாளா, அன்பிலா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. இந்த மனுஷனைச் சாகடிக்கப் பார்த்தது ஒரு நல்ல குணமும் இன்னொரு நல்ல குணமும் சேர்ந்து என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

மூன்று நாள் கழித்து, காலை பத்து மணிக்கு சபை கூடியது. ஏழு துறைத் தலைவர்களும் அறைத் தலைவியும். பிலோமி வட்டத்தைப் பலகையில் வரைந்து காட்டினாள். சரிசெய்வது சுலபம் என்றாள். யாராவது ஒருவர் ஞானத்தகப்பன் இல்லாமல் இருக்க வேண்டும். அவருடைய எந்திரம் எப்போது கெட்டாலும் மணி அடிக்கும், வட்டம் அறுந்துவிடும். யார் அந்த ஒருவர் என்று கேட்டாள்.

பலகையை எல்லோரும் மிகுந்த அக்கறையோடு பார்த்தார்கள். ஞானத்தகப்பன் இல்லாத துறை என்றால் ஊரில் எது கெட்டாலும் அந்தத் துறையின் பெயர்தான் திரையில் சிவப்பாக எரியும். தன் கம்பி எப்போதும் யாரையாவது சார்ந்தே இருப்பது என்று அமலோற்பவம் சொன்னாள். சிலுவைமுத்து அண்ணாச்சி இன்னும் நாலு மாதம் என்பதை நினைவூட்டினார். குடிநீர்த்துறை பம்பைக் காட்டியது. இன்னாசி மட்டும் தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னான். ஆனால் பம்பே கடல்நீரைத்தானே சார்ந்திருக்கிறது, சொறிமீன் வந்ததற்குத் தம்பி என்ன செய்வான் என்று மற்றவர்கள் அவனை அன்போடு உட்கார வைத்தார்கள்.

அங்கேதான் அந்த யோசனை பிறந்தது. கடலையே எல்லாச் சோதனைகளுக்கும் ஞானத்தகப்பன் ஆக்கினால் என்ன? ஊரின் வெளிச்சுவரில் கடலின் அழுத்தத்தை அளக்கும் மானி ஒன்று இருக்கிறது. அதற்கும் ஒரு சோதனை உண்டு. கடல் எந்தத் துறைக்கும் சொந்தமில்லை. அதன் பெயர் சிவப்பாக எரிந்தால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. நிஜமாகவே பார்த்தால் இந்த ஊரின் எல்லாத் தொல்லைக்கும் மூலம் அதுதானே. மேசை முழுக்க முகங்கள் மலர்ந்தன.

பிலோமி எழுந்தாள். அந்த மானியில் பாதுகாப்பான அழுத்தம் என்று குறித்திருப்பது கரையில் மனிதன் பழகிய அளவு. வெளியே இருப்பது அதைப் போல நாலரை மடங்கு. ஆகவே அந்தச் சோதனை ஊர் கட்டிய நாள் முதல் சிவப்பாகத்தான் இருக்கிறது, அதன் மணியை என்றோ அடக்கிவிட்டார்கள். அதன் கீழே தொங்கும் எதுவும் இனி ஒருபோதும் மணி அடிக்காது என்று விளக்கினாள். அளவை மாற்றிவிடலாமே என்றார் ஒருவர். மாற்றினால் கடல் எப்போதும் பச்சை, அப்போது பழையபடி ஆறாயிரம் மணியும் அடிக்கும் என்றாள். இதைக் கேட்டு சபை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, எந்திரங்களைத் தினம் ஒரு முறை ஆள் போய்க் கண்ணால் பார்த்துக்கொள்வது என்றும், கடல் சிவப்பாகவே இருக்கட்டும் என்றும் தீர்மானம் போட்டது. ஏழு வாக்குகளில் ஆறு ஆதரவு. இன்னாசி மட்டும் எதிர்ப்பு. பிலோமிக்கு வாக்கில்லை.

அவளுக்கு இருந்தது ஒரே ஓர் அதிகாரம். எந்திரங்களைத் தொட முடியாது. ஆனால் ஓர் ஆளின் நாடிப்பட்டையை ஓர்குரலின் ஞானத்தகப்பன் வரிசையிலிருந்து தனியே கழற்றிவிடலாம். கழற்றிய பட்டை யாரையும் சாராது, அந்த ஆளுக்கு மூச்சு முட்டினால் நேராக அறையில் மணி அடிக்கும். அதற்கு நிபந்தனை, தனக்குத் தானே யாரும் கேட்க முடியாது. இன்னொருவர் நேரில் வந்து, இவருக்காகக் கேட்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஊரே தன்னைத் தனியாகக் கவனிக்கச் சொல்லி வந்து நின்றுவிடும் என்று பயந்து வைத்த விதி. சபை முடிந்து அறைக்குத் திரும்பியதும் பிலோமி, மனைவி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு கஸ்பாரின் பட்டையைக் கழற்றினாள். ஊருக்கு இல்லாததை வீட்டுக்கு எடுத்துக்கொள்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கழற்றினாள்.

மறுநாள் காலையில் இன்னாசி வந்தான், மகளுக்காக. கஸ்பார் அண்ணனுக்குச் செய்தது தெரியும் என்று முகத்தில் எழுதியிருந்தது. அவனை எப்படி மறுப்பது? அவன் போன கொஞ்ச நேரத்தில் அமலோற்பவம் தன் தங்கையின் பெயரோடு வந்தாள். பின்வாசல் வழியாக சிலுவைமுத்து அண்ணாச்சி வந்து சம்சாரத்தின் பெயர் கொடுத்தார். இதைப் பரவலாக்கிவிடாதே, அறை சத்தமாகிவிடும் என்று அவர் தாழ்ந்த குரலில் எச்சரித்தார். சாயங்காலத்துக்குள் கடலுக்கு வாக்களித்த ஆறு பேரும் தனித்தனியே வந்து போனார்கள். அதற்குப் பிறகு வரிசை நின்றது. தகப்பன்மார், மருமக்கள், அடுத்த வீட்டுக்காரர்கள். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள்கூட ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டார்கள். எந்திரங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது வாரம் வரிசை தீர்ந்தது. கஸ்பார் அதற்குள் தேறி, முறைப்படி குமிழுக்குத் திரும்பியிருந்தார். நாலாயிரத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஊரில் இன்னும் எத்தனை பட்டைகள் கடலுக்குக் கீழே தொங்குகின்றன என்று பார்க்க பிலோமிக்கு ஆவலாக இருந்தது. பட்டியலைக் கேட்டாள். பதின்மூன்று பெயர்கள் வந்தன. யாரும் வந்து கேட்காத பதின்மூன்று பேர்.

ஒவ்வொன்றாகப் படித்தாள். குப்பை அள்ளும் பிரிவில் ஒரு கிழவர். ஒப்பந்தத்தில் வந்து குடும்பம் இல்லாமல் தங்கிவிட்ட நாலு பேர், கசியும் சுவரில் வெல்டிங் வைக்கிறவர்கள். புருஷன் போய்ச் சேர்ந்த ஒரு தையல்காரி. இப்படிப் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அவளே கேட்டு, அவளே கையெழுத்துப் போட்டாள். ஒரு பெயர் மிஞ்சியது. பிலோமி மோத்தா, எச்சரிக்கை அறை.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாலாயிரம் பேர் அவள் மேசைக்கு முன்னால் நின்று யார் யாருக்காகவோ கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கம்பி இப்போது தெளிவாக வேலை செய்தது. குமிழைக் கூப்பிட்டாள். கஸ்பார் சங்குகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். பட்டியலைப் பற்றிச் சொன்னாள். பிறகு, சாதாரணமாகக் கேட்பதுபோல, நீங்கள் எனக்காக வந்து கேட்கவில்லையே என்றாள்.

மறுமுனையில் தீனி வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தோணவே இல்ல பிலோமி," என்றார். "நீதான எல்லாருக்கும் மணி கேக்கிறவ. உனக்கு ஒண்ணு ஆவும்னு நான் நெனைக்கவே இல்ல."

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். இந்தத் தடவை முறை முடிந்து வந்ததும் நேராக அறைக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார். சரி, மறக்காதீர்கள் என்றாள் அவள். அதுவரை அமலோற்பவத்திடமோ இன்னாசியிடமோ கேட்கலாம். ஆனால், எனக்காகக் கேட்டுக் கையெழுத்துப் போடு என்று ஒருவரிடம் போய் எப்படி வாய்விட்டுக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் வருவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.